தமிழ்ப் பக்கம் மட்டும் பழசாகவே நின்ற நாள்

என் இடுப்பிலேயே வளர்ந்த தம்பி மாதுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். ரெண்டாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும். பேத்தி நிவேதா எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவளைப் பற்றித்தான் உன்னிடம் சொல்லப் போகிறேன், அதை அவள் கையாலேயே எப்படி எழுத வைப்பது?

ஆடிப் பதினெட்டிலிருந்து எனக்கு ஒரே பயம். போன் அடித்தால் எடுக்கவே யோசிக்கிறேன். ஆத்தோரம் பிறந்தவளுக்கு இத்தனை பயமா என்று நீ கேட்பாய். ஆத்தோரம் பிறந்ததால்தான்டா பயம்.

நிவேதாவை உனக்குத் தெரியாது. உன் பரிசல் கவிழ்ந்தபோது என் மகன் குமாரே தவழ்கிற பிள்ளை. அவன் பெற்ற பெண். அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள்.

என்ன வேலை என்று கேட்டதற்கு, ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருவதைச் சொல்லித்தான் புரியவைத்தாள். உன் காலத்தில் அது கிடையாது. ஆறு ஒன்றுதான், ஆனால் எல்லோரும் குடம் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவதில்லை. ஊருக்கு ஊர் டேங்க் கட்டி நிரப்பி வைத்திருக்கிறார்கள், அவரவர் ஊரில் பிடித்துக்கொள்கிறோம். அதே மாதிரி பெரிய ஆஸ்பத்திரி, பேங்க், பஸ் கம்பெனி எல்லாம் போனில் காட்டுகிற சமாச்சாரம் ஒரே இடத்தில் மூலமாக இருக்குமாம். அதை நகல் எடுத்து ஊர் ஊராகப் பெட்டிகளில் வைப்பார்களாம். நாம் போனைத் திறந்தால் பக்கத்துப் பெட்டி பதில் சொல்லும். எங்கெங்கே பெட்டி இருக்க வேண்டும், ஒரு நகல் எவ்வளவு நேரம் செல்லும், மூலத்தில் சேதி மாறினால் பழைய நகலை எப்படி எறிவது, இதெல்லாம் இவளும் இவள் கூட வேலை செய்கிறவர்களும் பார்ப்பது.

"எல்லாத்தையும் ஒரே வீச்சுல எறிஞ்சிட வேண்டியதுதானே கண்ணு?" என்றேன் ஒரு நாள்.

"எறிஞ்சா அத்தனை பெட்டியும் ஒரே நேரத்துல மூலத்துகிட்ட ஓடும் ஆயா. அது மூச்சு முட்டிப் படுத்துக்கும். எது பழசோ அதை மட்டும் பேர் சொல்லி எறியணும்."

அன்றைக்கு நான் சிரித்தேன்.

ஆடிப் பதினெட்டுக்குக் குமாரும் மருமகளும் வேன் பிடித்து ஆற்றுக்குப் போனார்கள், நம்ம பழைய துறைக்குத்தான். சுற்றுலா பஸ் விடுகிற ஒரு பெரிய கம்பெனி, ஆற்றில் எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது என்று தினமும் போனில் போடுகிறது. அதன் பெட்டிகளைக் கவனிப்பது நிவேதாதான். குளிக்கலாம் என்று இருந்தது. "நம்ம வூட்டுப் பொண்ணே பாத்துக்கறா, அப்புறம் என்ன?" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வேனில் ஏறினான் குமார்.

அவர்கள் போன பிறகு மேலே கர்நாடகத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். குளிக்கத் தடை என்று கம்பெனி மூலத்தில் மாற்றிவிட்டது. நிவேதா பழைய நகலை எறிந்தாள். தன் கம்ப்யூட்டரில் பார்த்தாள், தடை என்று சரியாக வந்தது. கீழே வந்து சோறு போடச் சொன்னாள்.

நான் என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் ஆற்றங்கரையில் இருக்கும்போது எனக்கு வேறென்ன வேலை?

"குளிக்கலாம்னுதான் போட்டிருக்கு. கவலையில்ல."

"இல்லீங்க ஆயா, தடைன்னு மாத்தியாச்சு. அப்பா பாத்திருப்பாரு."

"எனக்கென்ன எழுத்துக் கூட்டத் தெரியாதா? நீயே பாரு."

போனைப் பிடுங்கினாள். அப்போது அவள் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன் மாது? ஆபீசில் எல்லோரும் இங்கிலீஷில் பார்க்கிறவர்கள். அவள் பேர் சொல்லி எறிந்ததில் இங்கிலீஷ் பக்கம் இருந்தது. அதே சேதியின் தமிழ்ப் பக்கத்துக்கு வேறே முகவரியாம். அது விட்டுப்போயிற்று. இங்கிலீஷ் படிக்கிறவனுக்குத் தடை, தமிழ் படிக்கிறவனுக்கு மட்டும் குளிக்கலாம்.

படியை ரெண்டு ரெண்டாகத் தாண்டி மேலே ஓடினாள். நான் குமாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மருமகள் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மேலே நாற்காலி உருள்கிற சத்தம். யாரிடமோ "தமிழ் பேஜ், தமிழ் பேஜ்" என்று இவள் திரும்பத் திரும்பச் சொல்லும் சத்தம். எனக்குப் பெருமாள் கடைதான் கண்ணில் நின்றது.

மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? துறையில் அவர் டீக்கடை. மேலிருந்து ஆத்தோரமாக வருகிறவன் தண்ணீர் நிலவரத்தை அவர் காதில் போட்டுவிட்டுப் போவான். பரிசல்காரர்கள் நீங்கள் எல்லோரும் அவரைக் கேட்பீர்கள், மேலே போய்ப் பார்க்கிற வேலை மிச்சம். அன்றைக்கு, "தண்ணி கம்மிதான் மாது, போ" என்றார். அது முந்தின நாள் சேதி. புதுச் சேதி கடைக்கு வந்தபோது நீ நடு ஆற்றில் இருந்தாய்.

உன் காரியத்துக்கு வந்து வாசலில் நின்றார். "முனியம்மா, அன்னைக்கு நானு..." என்று ஆரம்பித்தார். "படி ஏறினா காலை ஒடைப்பேன்" என்றேன். போய்விட்டார். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையை அடுப்பில் வைத்தேன். அவர் செத்ததற்கும் போகவில்லை. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை.

கடைசியில் குமாரே போனில் கூப்பிட்டான். "ஒண்ணும் ஆகலைம்மா. கணுக்கால்தான் நனைச்சோம், தண்ணி செவந்து வந்துது, கரையில இருந்தவங்க கத்துனாங்க, ஏறிட்டோம். போன்ல குளிக்கலாம்னுதானே இருந்துச்சு, எந்த மடையன் போட்டான்?"

தமிழ்ப் பக்கத்தையும் எறிந்துவிட்டு வந்து நிவேதா படியில் நின்றுகொண்டிருந்தாள். போனை வாங்கி, "நான்தான்பா" என்றாள்.

கத்திக்கொண்டிருந்தவன் குரலை இறக்கினான். பிறகு, "சரி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

அவள் சாப்பிடவில்லை. இனிமேல் ஒரு சேதி மாறினால் அதன் எல்லா பாஷைப் பக்கமும் சேர்ந்தே போகிற மாதிரி மாற்றி வைத்துவிட்டாளாம். அப்புறமும் ஏன் கண்ணு தூங்க மாட்டேங்கிறாய் என்று கேட்டேன்.

"அந்த நேரத்துல எத்தனை பேரு பாத்தாங்கன்னு எனக்குத் தெரியும் ஆயா. பாத்துட்டு எத்தனை பேரு எறங்குனாங்கன்னு தெரியாது."

தினமும் பேப்பரில் ஆற்றுச் செய்தி தேடுகிறாள். அவள் கீழே வைத்ததும் நான் எடுத்து எழுத்துக் கூட்டித் தேடுகிறேன். இதுவரை ஒன்றுமில்லை. பேப்பரில் வராததெல்லாம் நடக்காதது ஆகிவிடுமா? நீ எந்தப் பேப்பரில் வந்தாய்? எங்கேயோ ஒரு வீட்டில் என்னைப் போல ஒருத்தி, பேர் தெரியாத என் பேத்தியைக் கறுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ? அவள் என் மாதிரி மறக்காதவளாக இருந்தால்?

நிவேதா ஓடினாள், மாது. தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள், நான் பார்த்தேன். பெருமாள் ஓடினாரா? புதுச் சேதி வந்ததும் கடையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடி வந்து உன்னைக் கூப்பிட்டாரா? உனக்குக் கேட்டதா? இத்தனை வருஷத்தில் நான் யாரையும் கேட்டதில்லை.

அவர் சம்சாரம் சின்னப்பாப்பா இன்னும் அந்தத் துறையில்தான் இருக்கிறாளாம். வாசலில் அவர் ஆரம்பித்த பேச்சின் மிச்சம் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவர் ஓடவில்லை என்றால் என் கோபம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஓடியிருந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதை நினைத்தால்தான் ஆற்றை நினைப்பதைவிட அதிகப் பயமாக இருக்கிறது.

இருந்தாலும் வருகிற வெள்ளிக்கிழமை பென்னாகரம் பஸ் ஏறுவேன். அவள் வாசலில் நின்று கேட்பேன். படி ஏறினால் காலை ஒடைப்பேன் என்று அவள் சொன்னாலும் கேட்காமல் திரும்ப மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னைக் கரையிலேயே நிறுத்தி வைத்திருக்க வேண்டிய
உன் அக்கா,
முனியம்மா