வலப்பக்கக் கதவு ஸ்பீக்கர்

ஓம் கோகுலன், முதல் கொன்வேர்ட்டர்தான் போட்டிருக்கவேணும், நீ எழுதித் தந்ததுதான் சரி. லொறி இருபத்துநாலு வோல்ட், பாட்டுச் செற் பன்னிரண்டு, அது தெரியாமலில்லை, எனக்குப் பொறுமையில்லை. கரண்டை நேராக் குடுத்தன், பாட்டு வரேல்லை, புகைதான் வந்தது. கொடிகாமத்திலை செற் பூட்டிற றஜிந்தன் பாத்துப்போட்டு, மகன் படிப்படியா எழுதிவிட்டிருக்கிறான், நீங்கள் ஒரேயடியாக் குதிச்சிருக்கிறியள் அண்ணை எண்டு சிரிச்சான். எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தாலை பாய்ஞ்சவனுக்கு உந்தக் குதிப்புப் புதிசில்லை எண்டன். இஞ்சை நானும் அம்மாவும் தங்கச்சியும் இருக்கிறம், நீ சுகமெண்டு உன்ரை வாயாலை கேக்குமட்டும் சுகமெண்டு எழுத மனம் வரேல்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ குறையேல்லை. தங்கச்சி தனுஷாதான் இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

இப்ப கொன்வேர்ட்டரும் வேறை செற்றும் போட்டாச்சு. கொம்பனியோடை வந்த கதவு ஸ்பீக்கர் கிழிஞ்சு கொரகொரத்தது, அதையும் கழட்டியாச்சு. ஆனா நீ சொன்னமாதிரி ரெண்டு கதவுக்கும் போடேல்லை, வலப்பக்கம் மட்டும்தான், இடப்பக்கத்துச் சத்தத்தையும் அதுக்குள்ளையே சேர்க்கச் சொன்னன். அம்ப், பேஸ் பெட்டி ஒண்டும் வேண்டாம். என்ரை இடக்காது கேளாதெண்டு உனக்குத் தெரியும், அண்டைக்குச் சண்டைக்குள்ளை செல் குண்டு இடப்பக்கம் விழுந்தது, கைக்குழந்தை நீ வலப்பக்கத் தோளிலை கிடந்தாய். இப்ப வலக்காதும் போய்க்கொண்டிருக்கு, அதை நான் உனக்குச் சொல்லேல்லை. நீ ருமேனியாவிலையிருந்து போனிலை கதைக்கேக்கை எனக்கு இரைச்சல்தான் கேக்கும். அம்மா அறிஞ்சா பயப்பிடுவா எண்டு வெளியிலை போய் நிண்டு எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தன்.

முந்தநாள் புது ஸ்பீக்கரைச் சோதிக்கப் பாட்டுப் போடேல்லை, நீ அனுப்பின வொயிஸ் மெசேஜைப் போட்டன். பக்கத்திலை இருந்து கதைக்கிறமாதிரித் தெளிவா வந்தது. "அப்பா, ஏஜென்சிக்காரன் ருமேனியாப் போடர் தாண்டப் பூட்டின லொறியிலைதான் ஏத்துவானாம், பன்னிரண்டு பேர். நீங்கள் அண்டைக்குப் போனிலை ஓம் எண்டதாலைதான் நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன்." கதவைப் பிடிச்சபடி இருந்தன். நான் எதுக்கு ஓம் எண்டனோ எனக்கே தெரியாது மகன். அந்த ஓம் என்ரை ஓம் இல்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை.

நேற்று வெறும் லொறியின்ரை பின்பெட்டிக்குள்ளை நான் ஏறியிருந்து, கதவை வெளியாலை பூட்டிப்போட்டுச் சாவகச்சேரி வரைக்கும் ஓடடா எண்டு றஜிந்தனுக்குச் சொன்னன். தட்டுறது கேட்டா நிப்பாட்டு எண்டும் சொன்னன். கையாலை தட்டினன், பிறகு சில்லுக் கழட்டிற இரும்பாலையும் தட்டினன். மூச்சு அடைச்சது, இருட்டுக்குள்ளை கதவு எந்தப் பக்கமெண்டு மறந்துபோச்சு. அவன் கதவைத் திறந்துபோட்டு என்னட்டைச் சொன்னது, "எப்ப அண்ணை தட்டப்போறியள் எண்டு பாத்துக்கொண்டெல்லோ வந்தனான்." அவனுக்கு ரெண்டு காதும் நல்லம், செற்றும் நிப்பாட்டிக் கிடந்தது. எழுத்துக் கோணலெண்டா கை வீங்கிக் கிடக்கு, வேறை ஒண்டுமில்லை.

அதாலை ஏறாதை. உள்ளதைச் சொல்லுறன், என்ரை காது போனா லைசன்சும் போகும், லொறியும் நிக்கும், நீ போடர் தாண்டிப் பெரிய நாட்டுக்குப் போனா எங்களுக்குத்தான் நல்லது, அதையும் யோசிச்சுத்தான் வேண்டாம் எண்டுறன். ருமேனியா வேலை பிடிக்காட்டித் திரும்பி வா, என்ரை சீற்றிலை நீ இரு, நான் பக்கத்திலை இருக்கிறன். ஊர் என்ன சொல்லுமெண்டு பாக்காதை. ஒண்டைப் போட்டு முடிக்காமல் அடுத்ததைத் தொடாதேங்கோ எண்டு எனக்கு எழுதினவன் நீ. ஏஜென்சிக்காரனுக்கு இண்டைக்கே சொல்லு, அப்பா மாட்டன் எண்டுட்டார் எண்டு என்ரை தலையிலை போடு.

பிள்ளையார் உன்னைக் கைவிடமாட்டார், குளிருக்குக் காதைப் பொத்திக்கொண்டு திரி. மறுமொழி எழுதாதை, போனும் எடுக்காதை, வொயிஸ் மெசேஜாக் கதைச்சு அனுப்பு. ஏறேல்லை எண்டு நீ சொல்லுறது எனக்கு வலப்பக்கக் கதவாலை வரவேணும், அதுவரைக்கும் அந்தச் செற்றிலை நான் வேறையொண்டும் போடமாட்டன். மூட்டை ஏத்தி முடிஞ்சுது, கையைக் காட்டிக் கூப்பிடுறாங்கள், நான் இப்ப போகவேணும்.

உன்ரை அப்பா,
ஜெயசுதன்