லூசி ஓடாத மூன்று மாதம்

8 ஆகஸ்ட் 1982, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் கோச் இராஜமாணிக்கம் என் மகன் தாமஸைப் பற்றி நாலு பேரிடம் பெருமை பேசினார். "படுத்திருக்கறப்ப நாடி நாப்பதுகூட அடிக்காது. சாம்பியன் நெஞ்சு!"

அந்தச் சாம்பியன் நெஞ்சுதான் போன வருஷம் மைதானத்திலேயே நின்றுபோனது. இருபத்திரண்டு வயது. அதற்கு முன்பே மயங்கி விழுந்திருக்கிறான். விழுந்தவனுக்கு இந்த மகான் கொடுத்த மருந்து, இன்னும் இரண்டு ரவுண்டு. கேம்ப்பில் விடியற்காலையில் ஒவ்வொருவன் கையாகப் பிடித்துப் பார்ப்பார். யார் நாடி மெதுவோ அவனுக்கு ஒரு முட்டை கூடுதல். என் பிள்ளை முட்டையை நிறையத் தின்றான்.

"லூசிக்கும் அண்ணன் நாடிதான் அக்கா. நவம்பர்ல இங்க நடக்கற ஏஷியாட் போட்டில பாருங்க" என்றார். சிரிப்பு வேறு.

12 ஆகஸ்ட்

லூசி முழங்காலில் சிராய்ப்பு. "கால் தடுக்கிடுச்சும்மா" என்கிறாள். சமதரையில் ஓட்டக்காரிக்குக் கால் தடுக்குமா? அதட்டியதும் அழுதாள். கண் இருட்டி விழுந்தாளாம்.

17 ஆகஸ்ட்

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நம் தமிழ்ப் பெண். நெஞ்சைப் படம் எடுத்தாள். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறதாம். ரொம்ப ஓடினாலும் அப்படித் தடிக்கும், அது கெடுதல் இல்லை. பிறவிக் கோளாறு என்றாலும் அதே மாதிரி தடிக்கும், அது ஆளைக் கொல்லும். எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையாம்.

"மூணு மாசம் ஓடவே கூடாது. சுவர் மெலிஞ்சா பயிற்சியால வந்தது. மெலியலேன்னா..." என்று படத்தை உறைக்குள் போட்டாள்.

"அடுத்த மாசம் செலக்‌ஷன்" என்றாள் லூசி.

தாமஸுக்கு ஒருத்தரும் படம் எடுக்கவில்லை. ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச் மட்டும் வைத்திருந்தார்கள்.

20 ஆகஸ்ட்

கோச் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டாக்டருங்க சாதா ஆளுங்க நெஞ்ச வச்சு நம்ம பசங்கள அளக்கறாங்க அக்கா. தாமஸ் இருந்தா தங்கச்சிய ஓடுன்னுதான் சொல்லியிருப்பான்."

"தாமஸ் இருந்தா நீங்க என் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டீங்க. ஒண்ணு போச்சு, இன்னொண்ணு குடுன்னு வந்திருக்கீங்க."

"பேசாம இரு பிலோமி, பெரிய மனுஷன்" என்று லூசி அப்பா அவருக்கு இன்னொரு கிளாஸ் சாயா ஊற்றினார். பெரிய மனுஷன்! இவரும் ஒரு அப்பா.

23 ஆகஸ்ட்

விடியும் முன்பே லூசி ஷூவோடு பயிற்சிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நானும் பஸ் பிடித்து கேம்ப்புக்குப் போனேன். பெரிய அதிகாரி முன்னால் நின்று என் இந்தியில் சொன்னேன். "மேரா லட்கா மர் கயா. லட்கி கா தில் கராப். தௌட்னா பந்த்." மகன் செத்தான், மகள் நெஞ்சு கெட்டது, ஓட்டம் நிறுத்து — எனக்கு வந்தது அவ்வளவுதான்.

"அச்சா, அச்சா" என்று அந்த ஆள் பட்டியலில் லூசி பெயரை அடித்தான். ஒரு கோடு. இவ்வளவு சுலபமா? இதை அன்றைக்கே தாமஸுக்குச் செய்திருந்தால் — கை வலித்திருக்குமா இவன்களுக்கு?

24 ஆகஸ்ட்

லூசி என்னோடு பேசவில்லை.

30 செப்டம்பர்

இன்னும் பேச்சில்லை. சோறுகூட அப்பாவிடம்தான் கேட்கிறாள். நான் என்ன அடுத்த வீட்டு அடுப்படியிலா இருக்கிறேன்?

19 நவம்பர்

ஏஷியாட் இன்று தொடக்கம். எங்கள் ஆர்.கே.புரம் காலனி முழுக்க யார் வீட்டில் கலர் டிவி என்று அலைகிறது. லூசி குப்புறப் படுத்துக் கிடக்கிறாள். கோச் அங்கே கோட்டுப் போட்டு நிற்பார்.

ஒன்று எழுதியே ஆகவேண்டும். சுவர் மெலியாமல் இருந்தால்தான் நான் செய்தது சரி என்றாகும் — அப்படி ஒரு நினைப்பு வந்தது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? த்தூ.

7 டிசம்பர்

இரண்டாவது படம். மெலிந்துவிட்டது. நல்ல நெஞ்சு, அன்றைக்குக் கண் இருட்டியது வெயிலால்தான், இனி ஓடலாம் என்றாள் டாக்டரம்மா. ஏஷியாட் சனிக்கிழமையே முடிந்துவிட்டது.

வீட்டுக்குள் வந்ததும் லூசி ஆரம்பித்தாள். "எனக்கு ஒண்ணுமே இல்ல! உன்னாலதான் எல்லாம் போச்சு! சாகறவரைக்கும் சொல்லிக் காட்டுவேன்!" மாடிப்படியில் ஆள் கூடிவிட்டது. லூசி அப்பா ஜன்னலைச் சாத்தப் போனார். "தொறந்தே இருக்கட்டும்" என்றேன்.

ரொட்டி மாவு பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை, கோச்சை, செத்துப்போன அண்ணனை, யாரையும் விடவில்லை. மாவு பிசைந்து முடிந்தும் அவள் முடிக்கவில்லை. நடுவில் ஒரு தடவைகூட அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.