பாயில் உட்காராத கிதார்

வேதமணி,

மணியாச்சிக்கு டியூட்டிக்குப் போகிறேன். ராத்திரி நீ தொடாத சோற்றில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், துவையலும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் சாப்பிடு.

"கடைசி வரிசைக்குக் கேக்கணும்னா பெரிய கிதார்தான்" என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு, "வாசிக்கப்போறது நீங்களா, நானா?" என்று கேட்டாயே. இன்று காலை நீ வேலைக்குப் போனபின் அந்தப் பெரியதை எடுத்துக்கொண்டு, மாதா கோயிலில் பாடுகிறவர்கள் உட்காருவதுபோல் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தபோது எவ்வளவு சுகமாக இருந்தது! பாயில் அந்தப் பெரிய பெட்டி மடியில் நிற்கவே இல்லை. விளிம்பு அக்குளை அறுத்தது, தோள் காது வரைக்கும் ஏறியது. எனக்குத் தெரிந்த ஒரே பாட்டை முடிப்பதற்குள் கை மரத்துவிட்டது. நீயோ பூசை முழுக்க வாசிக்க வேண்டியவள்.

வாசித்துப் பார்க்க இரண்டு கிதாரையும் கொடுத்தனுப்பிய கடைக்கார யோவான் அண்ணாச்சி சாயங்காலம் வருவார். பெரியதைக் கொடுத்துவிடு, சின்னதை வைத்துக்கொள். அதன் சத்தம் மெதுவாக இருந்தாலும் தெளிவாக இருக்கிறது.

உன் கணவன் ஜான்பீட்டர்

இன்னொன்று. சின்னதன் சத்தம் கேட்காது என்று சண்டை போட்டவன் நான் ஒருவன்தான். டியூட்டி முடிந்து பிந்தி வந்து கடைசி வரிசையில் உட்காருகிறவனும் நான்தான். இந்த ஞாயிறு சீக்கிரம் வந்து முன்னால் உட்காருகிறேன்.