இடது மூளை பற்றிய கேள்விகள்

ஐப்பசி 4, திங்கள்

விடாத தூறல். துணி காயவில்லை. நர்ஸ் பயிற்சிப் பள்ளிப் பெண்களுக்கு உடற்கூறு கேள்விகள் எழுதி முடிக்க வேண்டும். இதயம், நுரையீரல் ஆயிற்று. மூளை பாக்கி.

கே. 1: மூளையின் இடப்பக்கம் எந்தக் கைகாலை ஆளுகிறது?
கே. 2: அங்கே ரத்தக்குழாய் வெடித்தால் உடம்பில் என்னென்ன இழப்பு?

விடை எதிர்க் கட்டிலில். வலது கை, வலது கால், பேச்சு. வாதம் அடித்ததிலிருந்து இவர் வாயில் ஒரு சொல் இல்லை. நான் போகும் பக்கமெல்லாம் கண் மட்டும் வருகிறது.

செவ்வாய்

வகுப்பில் ஒரு பெண்: "டீச்சர், எங்க ஊர்ல புறா ரத்தம் தேச்சு ஒரு மாமா எந்திரிச்சு நடந்தாரு."

பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி: "நடந்து எங்க போனாரு, அடுத்த புறா பிடிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். தோலில் தேய்த்த ரத்தம் மூளைக்குப் போகாது என்று பலகையில் படம் போட்டுக் காட்டினேன்.

வீடு திரும்பினால் பேரையூரிலிருந்து மதினி, இவருடைய அக்கா. மடியில் கூடை. கூடைக்குள் புறா.

புதன்

தலைவலி. நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் மதினிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அம்புட்டும் சரி தாயி. இவன எந்திரிக்க வைக்க ஒன் படிப்புல என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து இவர் கையை நானே நீட்டிப் பிடித்தேன். மதினி தேய்த்த புறா ரத்தம் இளஞ்சூடு. பள்ளியில் தெரிந்தால் மானம் போகும். போகட்டும்.

வெள்ளி

வெயில். காலையில் இவர் பேசினார். ஒரே சொல்.

"கோமதி."

முதல் மனைவி. பிரசவத்தில் போனவள். இவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என் பெயரையும்தான். "இந்தாம்மா" என்பார், அவ்வளவே.

மதினி குலசாமி இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்த நோயில் சிலருக்கு ஒரு சொல் மட்டும் மிஞ்சும், பசிக்கும் வலிக்கும் அதுவே என்று படித்திருக்கிறேன். பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எந்தச் சொல் மிஞ்சும், ஏன் அது, எந்தப் பாடத்திலும் இல்லை.

சனி

உப்பு தீர்ந்துவிட்டது. கேள்விகளை அனுப்பியாயிற்று. மூளைக்கு இரண்டே.

கஞ்சி கொடுத்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். வாசலைப் பார்த்து, "கோமதி."

"டேய், அவ இல்லடா. இது..." என்று மதினி திருத்த வந்தாள். கையமர்த்தினேன்.

மறுபடி கூப்பிட்டார்.

"இந்தா, வந்துட்டேங்க" என்றேன்.

வாயைத் திறந்தார்.