இரண்டு டிஸ்க்கும் ஒன்றுபோல

1986, செவ்வாய் இரவு

டோபி காட் பகுதியில் நடக்கும் கணினி வகுப்பில் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஒரே பயிற்சிதான், ஆளுக்கொரு டிஸ்க். யார் திருத்தினாலும் கிளம்பும் முன் மற்றவர் டிஸ்க்கிலும் நகலெடுத்துவிடுவோம். அந்தக் கட்டளையை எப்போதும் நான்தான் அடிப்பேன். இன்று கண் சொருகியது. அவளை அடிக்கச் சொன்னேன். திசையை மாற்றி அடித்துவிட்டாள். அவளிடம் இருந்த பழைய பயிற்சி என் டிஸ்க்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் வராத இந்த ஒரு வாரமாக நான் திருத்தியதெல்லாம் போயிற்று.

“பாத்தியா கமலா, ரெண்டும் ஒண்ணாயிடுச்சு லா!” என்றாள். முதன்முதலாகத் தானே அடித்த சந்தோஷம் அவளுக்கு.

“ஆமா லா,” என்றேன். பொய்யில்லை. இரண்டுமே பழசு.

நாளை மாலை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். அரை நாள் லீவு போட்டு, ஸ்டெல்லா வருமுன் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டும். அவளிடம் சொல்லப் போவதில்லை. ஆனால் நகலெடுப்பதை மட்டும் இனி நானே செய்வேன்.