அண்ணன் கடித்த விரல்

அண்ணே,

இன்று காலை மாத்திரை டப்பாவைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் ஏறியது. சாம்பிள் காய் வைக்கிற டப்பாவில் மாத்திரை போடாதே என்று அண்ணி தலைதலையாய் அடித்துக்கொண்டாள். நீ கேட்டால்தானே.

உன் நெஞ்சைப் பார்த்த மதுரை டாக்டர் சொன்னதை, ஜீப்பு ஓட்டியே பழகிய நீ வீட்டுக்கு வந்து ஜீப்புப் பாஷையில் சொன்னாய். "எஞ்சினு நல்லாத்தான் இருக்காம்டா. சதை தடிச்சுப்போயி சைலன்சர் அடைக்குதாம்." இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வழி குறுகல். இதயம் அவசரப்பட்டால் இன்னும் குறுகும். அது நிதானமாக அடிக்கத்தான் தினமும் மாத்திரை. சாப்பிட்டுக் கை கழுவுமுன்னே ஆரன் அடிக்கிற உனக்கு நிதானம்! ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, பாரம் தள்ளக்கூடாது என்றும் உத்தரவு. கூடப்பிறந்தவர்களும் நெஞ்சை ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். காய் எடுக்கிற சோலி தலைக்குமேல் கிடக்கிறது என்று நான் நழுவினேன். உண்மையில் பயம்.

அதன்பிறகு ஜீப்பை நான் ஓட்டினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வாயால் ஓட்டினாய். குரங்கணி ஏற்றத்தில் சேற்றில் மாட்டிய அன்று, சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கித் தள்ளினாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். பின்சீட்டுப் பெரியவர் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை நீட்டினார். நெஞ்சுவலி என்றால் நம் ஊரில் அதுதானே. உன் நோய்க்கு அது எமன் என்று நீ எத்தனையோ முறை சொல்லியிருந்தாய். என் காதில் ஏறவில்லை. பதறிப்போய் அதை வாங்கி உன் வாய்க்குள் விரலை விட்டேன். அரை மயக்கத்திலும் கடித்தாய் பார் ஒரு கடி, மாத்திரை வெளியே தெறித்து விரலில் ரத்தமே வந்துவிட்டது.

உன்னைப் படுக்கவைத்துக் காலை ஏலக்காய் மூட்டைமேல் தூக்கிவைத்தோம். தெளிந்ததும் நீ சொன்னது, "கேட்டுட்டுக் குடுடா, கூறுகெட்டவனே."

மறுநாள் கடிக்கு ஊசி போடணும் என்று என்னை மதுரைக்கு ரயிலில் கூட்டிப்போனாய். ஒரு ஊசிக்கு மதுரையா என்று எனக்குத் தோன்றவேயில்லை. இடுப்பைக் காட்டிப் படுத்தவனைத் திருப்பிப்போட்டு, நெஞ்சில் எதையோ வழவழவென்று தடவி ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கும் அதே சைலன்சர் அடைப்பு. அங்கேயே அழுதுவிட்டேன். என் முதுகைத் தட்டிச் சொன்னாய். "அழுகாதடா. நெஞ்சு வெரசா அடிக்கும்."

நீ போனது மஞ்சள்காமாலையில். நெஞ்சு கடைசிவரை ஒழுங்காக ஓடியது என்று டாக்டரே சொன்னார். கேட்டிருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பாய்.

இப்போது டப்பாவில் இருப்பது என் மாத்திரை. அதை எடுக்கிற விரலில் உன் முன்பல் தழும்பு இருக்கிறது. இன்று பார்த்ததும் அழுகை முட்டியது, அண்ணே. நெஞ்சு வெரசா அடிக்குமே என்று, உட்கார்ந்து நிதானமாக அழுதேன்.