முகத்தில் பூத்த பரு

லீமா

அன்பு மகள் யெசேனியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், வழக்கமாக எழுதுகிற சுகம் இல்லை இது, நேற்று ஸ்கேன் முடிவைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிற சுகம். மிலானில் குளிர் குறைந்ததா, நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியவர் இன்னும் உன்மேல் எரிந்து விழுகிறாரா?

என் நுரையீரல் கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுவோம், ஒன்றும் விளங்காது, அதனால்தான் எழுதுகிறேன். சிகரெட்டையே தொடாதவளுக்கு எப்படி வந்தது என்று தெருவில் ஆளுக்கொரு தீர்ப்பு, இத்தனை வருஷம் மாட்டு இதயத்தைக் கம்பியில் கோத்துச் சுட்டு விற்ற புகைதான் என்றார்கள். டாக்டரம்மா சோட்டோமாயோர், இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். செல்லின் மேல்பக்கம் ஏற்பி என்று ஒன்று உண்டாம், வளரச் சொல்லி வருகிற கட்டளையை வாங்குகிற காது மாதிரி. எனக்கு அது கெட்டுப்போய், யாரும் சொல்லாமலே சொன்னதாக நினைத்துக்கொண்டு வளர்கிறதாம். உன் அப்பாவுக்கு நேர் எதிர், அவருக்குச் சொன்னாலும் விழாது. அந்தக் கோளாறு இருந்ததால்தான் ஊசி மருந்துக்குப் பதில் தினம் ஒரு மாத்திரை கிடைத்தது, அது அந்தக் காதை அடைத்துவிடுமாம்.

உன் அத்தை நிகோலாசா சும்மா இருப்பாளா? வாங்காயோவிலிருந்து ஒரு கறுப்புக் கினிப்பன்றியைத் தூக்கிக்கொண்டு வந்து, உயிரோடு என்மேல் தலையிலிருந்து கால்வரை தேய்த்து, அப்புறம் நோய் எங்கே என்று அதை அறுத்து உள்ளே பார்த்து, நெஞ்சுலதான்டி இருக்கு, ஆனா தோல் வழியா வெளிய வந்துரும் என்றாள். நாங்கள் சிரித்தோம். மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் முகமெல்லாம் பரு! கடைக்கு வருகிறவர்கள், என்ன கடைக்காரம்மா, பதினஞ்சு வயசு திரும்பிருச்சா என்று கேலி பண்ணினார்கள். நான் இது விஷம், இனி தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்பா கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். டாக்டரம்மா என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தக் காது தோல்லயும் இருக்கும்மா, மருந்து அங்கயும் போய் அடைச்சிருக்கு, உறுதியா சொல்ல முடியாது, ஆனா பரு வந்தவங்களுக்குப் பெரும்பாலும் மருந்து நல்லா வேலை செய்யுது, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க என்றார். அன்று முதல் உன் அத்தையைப் பிடிக்க முடியவில்லை, டாக்டரே என் பேச்சைத்தான் சொல்றா என்று தெருவெல்லாம் பெருமை.

ஒன்றை மறைக்கமாட்டேன். இது முழுக்கக் குணமானது இல்லை. ஒருநாள் கட்டி வேறு வழி கண்டுபிடிக்கலாம், அப்போது மறுபடி சதை எடுத்துப் பார்த்து வேறு மாத்திரை தேடுவோம் என்கிறார் டாக்டரம்மா. தேடட்டும். எனக்கு இப்போது பயம் குறைந்துவிட்டது, ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். நீ வேலையை விட்டுவிட்டு என்னை வழியனுப்ப ஓடி வரவேண்டாம். அக்டோபரில் லீவு போட்டு வா, எல்லாரும் ஊதா அங்கி உடுத்திப் போகிற ஆண்டவர் ஊர்வலத்தில் சேர்ந்து நடப்போம்.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும், உன் கைக்கு எட்டியதெல்லாம் நல்லதாக அமையட்டும். வரும்போது முகத்துக்கு வெயில் படாமல் பூசுகிற களிம்பு வாங்கி வர மறக்காதே. என்னை அடக்கம் பண்ணும்போது உடுத்தச் சொல்லி அப்பாவிடம் கொடுத்துவைத்திருந்த ஊதா அங்கியை நேற்று திரும்ப வாங்கிப் போட்டுப் பார்த்தேன், இடுப்பில் பிடிக்கிறது. தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
எர்மீலா